பின்னிருக்கையின் குளிர்
அமெரிக்க ஆடம்பரக் கார்களில் வளிச்சீராக்கி பெற்ற இடம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு வீட்டின் அமைப்பு அவ்வீட்டில் வாழ்ந்தோரின் உறவுமுறைகளை உணர்த்தி நிற்கும். திண்ணை எவருக்கு, உள்விறாந்தை எவருக்கு, கோடிப்புறம் எவருக்கு என்ற பங்கீட்டைக் கண்ட அளவிலேயே அங்கு ஆண்டான் யார், அடியான் யார் என்பதை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். மோட்டார் வண்டியும் ஒருவகையில் நகரும் வீடே. அதனுள்ளும் முன்புறம், பின்புறம் என்ற பாகுபாடு உண்டு. ஓட்டுபவன் இருக்கும் இடமும் ஓட்டுவிப்பவன் இருக்கும் இடமும் வெவ்வேறாக இருந்த காலத்தில் அப்பாகுபாடு வெறும் வசதி பற்றியதன்று. அது தகுதி பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஆடம்பரக் கார்களில் வளிச்சீராக்கி புகுந்தபோது, அக்கருவி முதலிற் பின்புறத்திலேயே அமைந்தது. பின்னர் முன்புறத்துக்கு நகர்ந்தது. அதன் பின்னர், மிக உயர்ந்த வகைக் கார்களில் மட்டும், முன்னும் பின்னுமாக இரண்டாயிற்று. இம்மூன்று நிலைகளையும் வெறும் பொறியியல் வளர்ச்சியாகக் கொள்வாருமுளர்; செல்வர்களின் செருக்காகவே கொள்வாருமுளர். இரண்டும் குறைபாடுடைய விளக்கங்களே. இடப்பற்றாக்குறையாற் பின்னே வைக்கப்பட்ட கருவியொன்று, அப்பற்றாக்குறை நீங்கிய பின்னரும் சில வண்டிகளிற் பின்னே தொடர்ந்தமைக்குக் காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும்.

மூடிய வண்டியும் வெப்பமும்

தொடக்ககால மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் திறந்தவையாகவே இருந்தன. 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான கார்களிற் பத்தில் ஒரு பங்களவே மூடிய உடலமைப்பைக் கொண்டிருந்தன. 1927ஆம் ஆண்டளவில் இவ்விகிதம் ஏறத்தாழ 85 சதவீதமாக உயர்ந்தது. எட்டாண்டு காலத்துள் நிகழ்ந்த இம்மாற்றம் மழையிலிருந்தும் புழுதியிலிருந்தும் பயணிகளைக் காத்தது. ஆயின் புதியதொரு துன்பத்தையும் உடன் கொணர்ந்தது. உருக்குத் தகட்டாலும் கண்ணாடியாலும் மூடப்பட்ட சிற்றறை வெயிலில் நிற்கும்போது அடுப்பாக மாறிற்று. கண்ணாடியினூடாக உட்புகும் சூரிய ஒளி உள்ளேயுள்ள பொருள்களைச் சூடாக்க, அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

இத்துன்பத்திற்கும் வர்க்க வேறுபாடு இருந்தது. செல்வந்தருக்கென அக்காலத்திற் கட்டப்பட்ட ஒருவகை நகர்க்கார்களில் பின்புற அறை மட்டுமே மூடப்பட்டிருந்தது. சாரதியின் தலைக்கு மேல் கூரை இருக்கவில்லை. மழையும் குளிரும் அவனைத் தாக்கின. கோடையில் காற்றோட்டமும் அவனுக்கே வாய்த்தது. உள்ளே அமர்ந்திருந்த செல்வரோ பட்டுத்திரைகளின் நடுவே வியர்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் பின்னறையைக் குளிர்விக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்கு இச்சூழல் ஏதுவாயிற்று எனக் கருதுவது பிழையாகாது.

அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலப் பகுதிகளில், காரின் யன்னலிற் கொளுவப்படும் நீர்க்குளிரூட்டிகள் பழக்கத்துக்கு வந்தன. உருளை வடிவான அக்கலத்தினுள் ஈரமான திண்டு இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதனூடாகப் புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். மண்பானை நீர் குளிரும் தத்துவமே இது. எனினும் காற்று உலர்ந்திருக்கும் இடங்களில் மட்டுமே இது பயன்படும். ஈரப்பதன் மிகுந்த தென்கிழக்கு மாநிலங்களுக்கும் மெக்சிக்கோ வளைகுடாக் கரைக்கும் இது உதவவில்லை. 1930ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரைச் சேர்ந்த செல்வரொருவரின் கடிலாக் காருக்குக் கெல்வினேற்றர் வகைக் குளிராக்கற் பொறியொன்று தனியாகப் பொருத்தப்பட்டது. அது வண்டியின் பின்புறத்தில் வைக்கப்பட்டு, தனக்கெனவுள்ள சிறிய பெற்றோல் எஞ்சினால் இயக்கப்பட்டது. வளைகுடாவின் புழுக்கத்திலிருந்து அம்முயற்சி பிறந்தமை தற்செயலன்று.

அதே காலப்பகுதியில் வேதியியலிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அதுவரை குளிர்சாதனப் பெட்டிகளிற் பயன்பட்ட அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மீதைற்குளோரைட்டு ஆகியன நஞ்சூட்டக்கூடியவை, சில தீப்பற்றக்கூடியவை. மூடிய காரினுள் அவற்றைக் கொண்டுசெல்வது ஆபத்தானதாகும். ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனத்தின் சார்பில் ஆராய்ந்த தோமஸ் மிஜ்லியும் அவருடைய கூட்டாளிகளும் குளோரீனும் புளோரீனும் காபனுடன் இணைந்த ஒரு சேர்வையை இதற்குத் தேர்ந்தெடுத்தனர். 1930ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியற் கழகத்தின் கூட்டத்தில், மிஜ்லி அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, அதனை எரியும் மெழுகுவர்த்தியின் மீது ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சுமன்று, தீயும் பற்றாது என்ற இரு உண்மைகளும் ஒரே மூச்சில் நிறுவப்பட்டன. ‘பிரியோன்’ என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட இச்சேர்வையே பின்னாளில் அமெரிக்கக் கார்களின் குழாய்களில் ஓடியது.

பொதியறையிற் பிறந்த குளிர்

தொழிற்சாலையிலிருந்தே பெறக்கூடிய வசதியாக வளிச்சீராக்கியை முதலில் வழங்கிய நிறுவனம் பக்காட் ஆகும். 1939ஆம் ஆண்டு நவம்பரிற் சிக்காகோ நகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் 1940ஆம் ஆண்டுக்குரிய கார்களுடன் அது அறிமுகஞ் செய்யப்பட்டது. கருவியை ஆக்கியது ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லன்ட் நகரிலிருந்த பிஷப் அன்ட் பாப்கொக் என்னும் நிறுவனம். இதன் விலை 274 டொலர். அக்காலத்தில் மலிவு விலைக் கார் ஒன்றை வாங்குவதற்குத் தேவையான பணத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட தொகை இது.

இக்கருவியின் அமைப்பை விளங்கிக்கொண்டாலன்றி அது பின்னே வைக்கப்பட்ட காரணம் புலப்படாது. வளிச்சீராக்கி குளிரைப் படைப்பதில்லை. ஓரிடத்திலுள்ள வெப்பத்தை மற்றோரிடத்துக்குக் கடத்துகின்றது. எஞ்சினால் இயக்கப்படும் அமுக்கி, குளிராக்கி வாயுவை அழுத்துகின்றது. அழுத்தத்தாற் சூடேறிய வாயு, காரின் முன்புறத்திலுள்ள ஒடுக்கியினூடாகச் செல்லும்போது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. அத்திரவம் ஒடுங்கிய வாயிலொன்றின் வழியே அமுக்கங் குறைந்த ஆவியாக்கியினுட் பாய்ந்து மீண்டும் வாயுவாகின்றது. அவ்வாறு மாறுவதற்கு வேண்டிய மறைவெப்பத்தை அது காரின் உட்காற்றிலிருந்து பெற்றுக்கொள்வதால் அக்காற்றுக் குளிர்கின்றது. அமுக்கி எஞ்சினுக்கு அருகிலும் ஒடுக்கி காற்றுப்படும் முகப்பிலும் இருந்தே ஆகவேண்டும். ஆவியாக்கிக்கு மட்டுமே இடத்தைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் இருந்தது.

அந்நாளைய ஆவியாக்கி பருமனானது. காரின் முன்பலகைக்குக் கீழே அதற்கு இடமில்லை. வெற்றிடமாகக் கிடந்தது பின்புறப் பொதியறை ஒன்றே. ஆகவே ஆவியாக்கியும் விசிறியும் பின்னிருக்கையின் முதுகுக்குப் பின்னே வைக்கப்பட்டன. பொதியறையின் பாதியளவை அவை விழுங்கிக்கொண்டன. குளிராக்கியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் முன்முனையிலிருந்து பின்முனைவரை வண்டியின் அடிப்பாகத்தினூடாக நீண்டு கிடந்தன. பின்னிருக்கைக்கு மேலிருந்து குளிர்ந்த காற்று வெளிப்பட்டது. பின்னே இருந்தவரின் பிடரியை அது முதலில் தீண்டியது. முன்னே இருந்தவரை இறுதியில் அடைந்தது.

பிறிதொரு குறைபாடும் இருந்தது. அமுக்கியை எஞ்சினிலிருந்து வேண்டும்போது பிரிக்கும் பிடி இதில் இல்லை. எஞ்சின் ஓடும்வரை அமுக்கியும் ஓடியது. விசிறியை நிறுத்தலாம், குளிராக்கலை நிறுத்த முடியாது. முற்றாக நிறுத்த வேண்டுமாயின் வண்டியை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து, அமுக்கியின் பட்டியைக் கழற்ற வேண்டும். பின்னிருக்கையில் அமர்ந்தவர் இதைச் செய்யமாட்டார் என்பது வெளிப்படை. குளிர் பின்னே சென்றது; அதற்கான உழைப்பு முன்னே நின்றது.

1941ஆம் ஆண்டிற் கடிலாக் நிறுவனம் ஏறத்தாழ 300 கார்களில் இத்தகைய கருவியைப் பொருத்தியது. பக்காட் 1941க்குப் பின் இதனைக் கைவிட்டது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்த்தேவை காரணமாக அமெரிக்காவிற் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுபோனது. குளிர்விக்கும் முயற்சி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உறங்கிற்று.

கூரைவழி வந்த காற்று

1953ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டிலே கடிலாக், பியூயிக், ஓல்ட்ஸ்மொபீல் ஆகிய ஜெனரல் மோட்டேர்ஸ் கார்களிலும், கிறைஸ்லரின் இம்பீரியல் காரிலும், பக்காட், லிங்கன் கார்களிலும் வளிச்சீராக்கி விற்பனைக்கு வந்தது. இந்நிறுவனங்கள் சிலவற்றுக்கு வீட்டுக் குளிராக்கற் தொழிலும் சொந்தமாயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. பிரிஜிடெயர் ஜெனரல் மோட்டேர்சின் உடைமை; எயார்ரெம்ப் கிறைஸ்லரின் கிளை. குளிர்சாதனப் பெட்டியை அமெரிக்க இல்லத்தரசியின் அடுக்களைக்குக் கொண்டுசென்ற மூலதனமே இப்பொழுது காரினுள்ளும் புகுந்தது.

ஆவியாக்கி இன்னும் பொதியறையிலேயே இருந்தது. ஆயினும் காற்றைப் பகிர்ந்தளிக்கும் முறை திருந்தியது. ஜெனரல் மோட்டேர்ஸ் கார்களிற் பின்னிருக்கைக்குப் பின்னேயுள்ள தட்டிலிருந்து ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாய்கள் இரண்டு எழுந்து கூரையை அடைந்தன. கூரையின் இரு ஓரங்களிலும் அமைந்த காற்றுவழிகளிலிருந்து பயணிகளின் தலைக்கு மேலே குளிர் இறங்கியது. குளிர்ந்த காற்று கனமானது, அது தானே கீழிறங்கும் என்ற எளிய பௌதிக உண்மை இங்கு பயன்படுத்தப்பட்டது. கிறைஸ்லர் பொறியியலாளரோ இக்குழாய்களை விரும்பவில்லை. பின்தட்டிலிருந்த சிறு துளைகளினூடாகக் காற்றைக் கூரையை நோக்கிச் செலுத்தினர்; அது எவரது முகத்திலும் நேரே அறையாது மெல்லப் படிந்திறங்கியது. முன்பலகையில் ஒரேயொரு விசை. குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்று நிலைகள்.

கடிலாக் காரில் இவ்வசதிக்கு ஏறத்தாழ 620 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. நான்கு கதவுகளையுடைய சாதாரண கடிலாக் ஒன்றின் விலை அவ்வாண்டில் 3,600 டொலருக்குச் சற்று மேலாகும். காரின் விலையில் ஆறிலொரு பங்கு, காணமுடியாத ஒன்றுக்காகக் கொடுக்கப்பட்டது. ஆயின் அது முற்றிலும் காணமுடியாததாகவும் இருக்கவில்லை. பொதியறைக் கருவிக்கு வெளிக்காற்றை அளிப்பதற்காகக் கடிலாக்கின் பின்பக்க உடலின் மேல் இரு சிறு காற்றேற்பிகள் காதுகள் போல நிமிர்ந்து நின்றன. வீதியில் நிற்போருக்கு அவை ஒரு செய்தியைச் சொல்லின. வெயிற் காலத்தில் யன்னல்களை முற்றாக மூடிக்கொண்டு செல்லும் கார் அச்செய்தியை உறுதிப்படுத்தியது. இடமின்மையாற் பின்னே சென்ற கருவி இவ்வாறு தன் உடைமையாளரின் நிலையைப் புறத்தே அறிவிக்கும் சின்னமாக மாறத் தொடங்கியது.

போட் நிறுவனம் 1956, 1957ஆம் ஆண்டுகளுக்கென வெளியிட்ட கொன்ரினென்ரல் மார்க் இரண்டு என்னும் கார் இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 10,000 டொலர் விலைகொண்ட அக்காரில் ஏனைய வசதிகள் யாவும் விலையினுள்ளே அடங்கின. தனியே பணங்கொடுத்துப் பெறவேண்டியிருந்தது வளிச்சீராக்கி ஒன்றே. 1956இல் அதன் விலை 595 டொலர். அத்துணை ஆடம்பரத்தின் உச்சியிலும் குளிர் மட்டும் தனிவிலைப் பொருளாக நின்றது.

முன்னே நகர்ந்த கருவி

இந்நிலையை மாற்றியது ஆடம்பரக் கார் நிறுவனமன்று. நடுத்தர வருவாயினருக்குக் கார் ஆக்கிய நாஷ் நிறுவனமே. 1937இல் கெல்வினேற்றருடன் இணைந்துவிட்ட நாஷ், வண்டிக்குள் வெப்பமூட்டும் துறையில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. 1954ஆம் ஆண்டில் அது வெப்பமூட்டல், காற்றோட்டம், குளிரூட்டல் ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்துக் காரின் முன்புறத்திலேயே அடக்கியது. விலை 345 டொலர். நிறை ஏறத்தாழ 133 இறாத்தல். அதே ஆண்டிற் பொண்டியாக் கார்களும் முன்புறக் கருவியைப் பெற்றன.

முன்புற அமைப்பின் நன்மைகள் பலவாகும். குழாய்கள் குறுகின, ஆகவே குளிராக்கி கசியும் வாய்ப்பும் வழியில் வெப்பமேறும் வாய்ப்பும் குறைந்தன. வெப்பமூட்டிக்கும் குளிரூட்டிக்கும் ஒரே விசிறியும் ஒரே காற்றுவழிகளும் போதுமாயின. பொதியறை மீண்டும் பெட்டிகளுக்கு உரியதாயிற்று. எல்லாவற்றிற்கும் மேலாக, விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1960களின் தொடக்கத்துக்குள் கடிலாக், லிங்கன், இம்பீரியல் ஆகிய கார்களும் பொதுவாக இவ்வமைப்பைத் தழுவிக்கொண்டன. 1964ஆம் ஆண்டிற் கடிலாக் மேலுமொரு படி சென்றது. வேண்டிய வெப்பநிலையை ஒருமுறை குறித்துவிட்டால், வெப்பமூட்டலையும் குளிரூட்டலையும் கருவி தானே மாற்றி அந்நிலையைப் பேணும் முறை அவ்வாண்டில் அறிமுகமாயிற்று.

இம்மாற்றத்தின் சமூக உட்பொருளையும் நோக்குதல் வேண்டும். உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் சம்பளச் சாரதிகளை வைத்திருக்கும் வழக்கு விரைவாகத் தேய்ந்தது. கடிலாக்கை வாங்கியவர் தாமே அதனை ஓட்டினார். நகர்ப்புறத்துக்கு வெளியே குடியேறிய மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டிச் சென்றனர். 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்களுக்கு வழிவகுத்தது. உடைமையாளர் முன்னிருக்கைக்கு வந்தபோது குளிரும் அவருடன் முன்னிருக்கைக்கு வந்தது. கருவி நகர்ந்ததற்குப் பொறியியற் காரணங்களே போதுமானவை. ஆயினும் அந்நகர்வு எவ்வித எதிர்ப்புமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு, இருக்கைகளின் தகுதி இடம்மாறிவிட்டமை துணைநின்றது. 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்பனையான புதிய கார்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை வளிச்சீராக்கியுடன் வந்தன. குளிர் இனி எவரையும் வேறுபடுத்திக் காட்டவில்லை.

ஒரே வண்டியில் இரு காலநிலைகள்

எனினும் பின்புறக் கருவி அழிந்துவிடவில்லை. ஒரேயொரு வகைக் காரில், அதாவது சாரதிக்கும் பயணிக்குமிடையே கண்ணாடித் தடுப்பு எழுந்த காரில், அது வாழ்ந்தது.

கடிலாக்கின் எழுபத்தைந்தாம் வரிசை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஏறத்தாழ 150 அங்குல நீளங்கொண்ட அக்கார்கள் மடிப்பிருக்கைகளுடன் ஒன்பது பேரை ஏற்கவல்லவை. தடுப்பில்லாத ஒரு வகையும் தடுப்புடைய ஒரு வகையும் அவற்றில் இருந்தன. முன்பலகையிலிருந்து வரும் குளிர் அத்துணை நீண்ட வண்டியின் கடையிருக்கையைச் சென்றடைவதற்குள் வலுவிழந்துவிடும். தடுப்பு மேலெழுந்துவிட்டாலோ அது சென்றடையவே முடியாது. எனவே முன்னறைக்கு ஓர் ஆவியாக்கி, பின்னறைக்கு ஓர் ஆவியாக்கி என இரண்டு வேண்டியதாயின. பின்னறைக்குரியது பழைய இடமாகிய பொதியறைக்கே மீண்டது. 1960களில் இம்பீரியல் கார்களிலும் முன்பின் இரட்டைக் கருவியை விரும்பிப் பெற முடிந்தது.

இவ்வமைப்பின் தொழில்நுட்பம் வியப்புக்குரியதன்று. எஞ்சினருகே ஒரே அமுக்கி. அங்கிருந்து வரும் திரவக்குழாய் இரண்டாகக் கிளைக்கும். ஒவ்வொரு கிளையும் தனக்குரிய விரிவு வாயிலையும் ஆவியாக்கியையும் அடையும். இரண்டிலிருந்தும் திரும்பும் வாயு மீண்டும் அமுக்கியிற் சேரும். ஓர் ஊற்றிலிருந்து இரு வாய்க்கால்களுக்கு நீர் பகிர்வதைப் போன்றதே இது. பகிர்வுக்கு வேண்டிய வலு அமுக்கிக்கு இருத்தல் வேண்டும். ஜெனரல் மோட்டேர்ஸ் 1962இல் அறிமுகஞ் செய்த ஆறு உருளை அமுக்கி போன்ற வலிய பொறிகள் இதற்குப் பெரிதும் உதவின.

பின்னறையில் அமர்ந்தவருக்குத் தமது குளிரைக் கூட்டவும் குறைக்கவும் தனி விசை கிடைத்ததே இங்கு முதன்மையானது. அதற்கு முன்னர், குளிர் மிகுந்துவிட்டால் அவர் சாரதியை அழைத்துச் சொல்லவேண்டும். அவன் அதைக் கேட்டு விசையைத் திருப்பவேண்டும். அச்சிறு உரையாடல் இப்பொழுது தேவையற்றதாயிற்று. தடுப்புக் கண்ணாடி ஒலியைப் பிரித்தது. தனிக் குளிரூட்டி காற்றையும் பிரித்தது. ஒரே எஞ்சின், ஒரே சில்லுகள், ஒரே பாதை. ஆயினும் உள்ளே இரு காலநிலைகள்.

இதனை ஒருதலையாக நோக்குவதும் பொருந்தாது. அரை நூற்றாண்டுக்கு முன் கூரையின்றி மழையில் நனைந்த சாரதிக்கு இப்பொழுது அவனுக்கே உரிய குளிர்ந்த காற்றும் அதற்கான விசையும் கிடைத்தன. பிரிவினை முழுமையடைந்த அதே கருவியில் வசதி சமமாயிற்று. இழிந்த காற்று ஒருவருக்கும் உயர்ந்த காற்று மற்றவருக்கும் என்ற நிலை ஒழிந்தது; இருவரும் ஒரே காற்றைப் பகிரத் தேவையில்லை என்ற நிலை வந்தது. தொழில்நுட்பம் ஏற்றத்தாழ்வை நீக்கும்போது உறவையும் உடன் நீக்கிவிடக்கூடும் என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

கண்ணாடி அறை

பின்புறக் குளிரூட்டியின் வரலாற்றில் மிகத் துயரமான அத்தியாயம் ஆடம்பரத்தோடு தொடர்புடையதன்று. 1961ஆம் ஆண்டு லிங்கன் கொன்ரினென்ரல் காரொன்று ஐக்கிய அமெரிக்க சனாதிபதியின் பயணங்களுக்கென நீட்டித் திருத்தப்பட்டது. சின்சினாட்டி நகரின் ஹெஸ் அன்ட் ஐசன்ஹாட் நிறுவனம் அவ்வேலையைச் செய்தது. திறந்த காராகவும், கழற்றக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்ரிக் கூரையுடனும் அதனைப் பயன்படுத்தலாம். அக்கூரை துப்பாக்கிக் குண்டைத் தடுக்கவல்லதன்று. மக்களுக்குத் தலைவர் தெரியவேண்டும் என்பதே அவ்வடிவமைப்பின் நோக்கம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லஸ் நகரில், கூரை பொருத்தப்படாத அவ்வண்டியிலேயே சனாதிபதி ஜோன் கென்னடி சுடப்பட்டு இறந்தார். அதன்பின் வண்டி அழிக்கப்படவில்லை, மாற்றியமைக்கப்பட்டது. கழற்றமுடியாத கூரையும் குண்டுதுளைக்காத தடித்த கண்ணாடிகளும் பொருத்தப்பட்டன. எப்பொழுதும் மூடியே இருக்கவேண்டிய அக்கண்ணாடி அறையினுள் வெயில் புகும், காற்றுப் புகாது. எனவே பொதியறையில் இரண்டாவது வளிச்சீராக்கி ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1964இல் மீண்டும் சேவைக்கு வந்த அவ்வண்டி 1977வரை பயன்பட்டது. இன்று அது மிச்சிகன் மாநிலத்தின் டியபோன் நகரிலுள்ள ஹென்றி போட் அரும்பொருட்சாலையில் உள்ளது.

பின்புறக் குளிரூட்டியின் பொருள் இங்கு முற்றிலும் மாறிவிடுகின்றது. 1953இல் அது விரும்பி மூடப்பட்ட யன்னலின் அடையாளம். 1964இல் அது திறக்கமுடியாத யன்னலின் விளைவு. மக்களின் தலைவர் மக்கள் மூச்சுவிடும் காற்றை அவர்களோடு பகிர முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டபோது, அவருக்கெனத் தனிக்காற்றை ஆக்கவேண்டிய பொறுப்பு அக்கருவியின் மேல் விழுந்தது.

குளிரின் விலை

மூடிய அறைகள் உண்மையில் மூடியவையல்ல என்பது பின்னரே தெரியவந்தது. பிரியோன் வாயு நஞ்சுமன்று, தீயும் பற்றாது. வேறெதனுடனும் எளிதிற் தாக்கமுறாத அதன் நிலையான தன்மையே அதன் பெருமை. அத்தன்மையே அதன் குற்றமுமாயிற்று. இணைப்புகளிலிருந்தும் அமுக்கியின் அடைப்புகளிலிருந்தும் கசிந்த வாயு அழியாது மேலெழுந்து படைமண்டலத்தை அடைந்தது. அங்கு ஊதாக்கடந்த கதிர்களாற் சிதைந்து குளோரீனை வெளிவிட்டது. அக்குளோரீன் ஓசோனை அழித்தது. 1974ஆம் ஆண்டில் மரியோ மொலினாவும் ஷேர்வுட் ரோலண்டும் இதனை எடுத்துரைத்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அமெரிக்கக் கார்கள் 1990களின் நடுப்பகுதிக்குள் வேறு குளிராக்கிக்கு மாறின. மொலினாவும் ரோலண்டும் போல் குருட்சனுடன் 1995ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மாற்றாக வந்த சேர்வையும் குற்றமற்றதன்று; ஓசோனைத் தாக்காவிடினும், நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கக்கூடியது. ஆகவே அதனையும் குறைப்பதற்கு 2016இல் கிகாலி நகரில் உடன்பாடு காணப்பட்டது.

நீண்ட குழாய்களையும் இரட்டை ஆவியாக்கிகளையும் கொண்ட பின்புற அமைப்பில் இணைப்புகள் மிகுதி. கொள்ளும் குளிராக்கியின் அளவும் மிகுதி. தனியொருவரின் தனிக்காற்றுக்காக வைக்கப்பட்ட பொருள் எல்லோரின் பொதுவானையும் துளைத்தது. அவ்வண்டிகளின் பெற்றோலிற் கலந்திருந்த ஈயச் சேர்வையின் பயனை 1921இற் கண்டவரும், குழாயில் ஓடிய குளிராக்கியைத் தேர்ந்தவரும் ஒருவரே, மிஜ்லியே என்பது வரலாற்றின் கசப்பான பொருத்தங்களுள் ஒன்று. 1944இல் இறந்த அவர் இவ்விரண்டின் முழு விளைவையும் அறிந்தாரல்லர்.

முடிவுரை

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கப் பெருங்கார்கள் சுருங்கின. கடிலாக்கின் எழுபத்தைந்தாம் வரிசை 1987உடன் முடிவெய்தியது. பக்காட், இம்பீரியல் என்ற பெயர்களும் சந்தையிலிருந்து மறைந்தன. பின்புறக் குளிரூட்டியோ மறையவில்லை. மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட குடும்ப வான்களிலும் பெரிய ஜீப் வகை வாகனங்களிலும் அது இன்று சாதாரண வசதியாகிவிட்டது. ஒருகாலத்தில் தொழிலதிபரின் விரல்பட்ட விசையை இப்பொழுது பள்ளிப் பிள்ளைகள் திருப்புகின்றனர்.

தொகுத்து நோக்குமிடத்து, பின்புறக் குளிரூட்டி தேவையாற் பிறந்தது. தேவை தீர்ந்தபின் தகுதியால் நிலைத்தது. தகுதி தேய்ந்தபின் மீண்டும் தேவையாகவே பரவியது. ஆக்கியோர் கருதாத பொருளைச் சமூகம் அதன் மேல் ஏற்றியது. காலம் அதனை இறக்கிவைத்தது. பொதியறையில் ஒளிந்திருந்த அப்பெட்டி, வண்டியினுள் யார் யாரோடு எந்தக் காற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்பினர், யாரோடு பகிர விரும்பவில்லை என்பதை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவுசெய்து வந்திருக்கிறது. கண்ணாடியால் அறையைப் பிரிக்கலாம். காற்றை இறுதிவரை பிரிக்க இயலாது என்பதே அப்பதிவு உணர்த்தும் உண்மையாகும்.